பள்ளத்துக்குக் கழித்த இருபது ரூபாய்

அந்தப் பள்ளத்தின் விலை இருபது ரூபாய். விலை போட்டவர் அசனார். நம்ம கச்சி முகம்மதுவின் பெரிய மாமா, காத்தான்குடிப் புடவை வியாபாரி. விளக்கைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்... சொல்கிறேன்.

முப்பத்தாறாம் ஆண்டு. மட்டக்களப்புக் கோட்டைக்குப் பக்கத்தில் குடியிருந்த பறங்கித் துரை ஹோரேஸ், பெண்சாதி எத்தல் காய்ச்சலில் போன மூன்றாம் மாதம் மோட்டார் சைக்கிளை விற்க நின்றார். ஒன்பது வருசம் அவர் ஓட்ட, அவள் பின்னால் இருந்து, பொலன்னறுவை, அனுராதபுரம், காலி என்று பழைய பட்டினம் ஒன்று விடாமல் சுற்றிய வண்டி. சொன்ன விலை இருநூறு. அசனார் பின் சீற்றை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார்.

"பள்ளம் விழுந்திருக்கு. இதுக்கு இருபது கழிக்கணும் துரை."

"அது எத்தல் இருந்த இடம், அசனார்."

"அதான் பள்ளம்."

ஹோரேஸுக்குப் பேரம் பேச வராது. நூற்றெண்பதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

இனி அந்த இரவு. ஒன்பது மணி. படுவான்கரை வயல் வட்டைகளில் அறுவடைக் காசுக்குப் புடவை விற்றுவிட்டு அசனார் அந்த மோட்டார் சைக்கிளில் தனியே திரும்புகிறார். அவருக்கு எப்போதும் தனியேதான்; வீட்டிலும் சோறு ஆக்கிவைத்துக் காத்திருக்க ஒருத்தரும் இல்லை. மண்முனைத் துறை. ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடத்தும் 'பாதை' என்ற மிதவையைத் துறைக்காரன் கதிர்காமத்தம்பி கம்பு ஊன்றி அக்கரை சேர்த்தான். கை நீட்டினான்.

"ரெண்டு ஆளுக்குக் காசு, முதலாளி."

"ஆரடாப்பா ரெண்டு ஆள்? என்ட நிழலுக்கும் காசா?"

கதிர்காமத்தம்பி பின் சீற்றைப் பார்த்தான். ஒரு ஆளின் காசை மட்டும் வாங்கிக்கொண்டு பாதையைத் திருப்பினான். வரவேண்டிய காசை விட்டுக்கொடுக்கிற துறைக்காரன்... அசனார் பயந்தது அங்கேதான்.

பனங்கூடலுக்குள் ஒற்றை ரோடு. டக்... டக்... டக்... வேறு சத்தம் இல்லை. பிறகு ஒரு மணம். காய்ச்சல்காரர் நெற்றியில் தடவுகிற வாசனைத் தண்ணி, ஓடிக்கொலோன். பின் சீற்றின் சுருள் கிரீச் என்றது. ஆள் ஏறி உட்கார்ந்தால் கேட்குமே, அதே சத்தம்.

இடுப்பில் செருகியிருந்த லேஞ்சித் துணி மெல்ல எழும்பி, ஹேண்டிலில் இருந்த அவருடைய இடக்கையை மூடியது.

வியாபாரிகள் லேஞ்சிக்குள்தான் விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்குத் தெரியாது. துணிக்குள் பிடிக்கிற விரல்தான் விலை. ஒரு விரல் என்றால் ஐந்து ரூபாய்.

உள்ளே ஈரமான, குளிர்ந்த ஒரு கை. நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தது. இருபது.

"அல்லாவே" என்று கத்தியிருக்கலாம். முழுவதையும் தாறன் என்றிருக்கலாம். முப்பது வருசப் பழக்கம் விடுமா? சின்னவிரல் தானாக மடங்கிக்கொண்டது. மூன்று. பதினைந்து.

கழுத்தில் ஒரு பெருமூச்சு. பிடி மூன்று விரலையும் விட்டது. மடக்கிய சின்னவிரலை மட்டும் விடவில்லை... வீட்டு வாசல் வரைக்கும்.

விடிந்ததும் பதினைந்து ரூபாயை ஹோரேஸின் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னார். ஹோரேஸ் காசைத் தொடவில்லை.

"மீன்காரனிட்ட ஒரு சதம் விடமாட்டா, எத்தல்" என்று சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். "என்ட பக்கம் ஒரு நாளும் வரல்லயே, அசனார்."

அடுத்த மாதம் அசனார் பொலன்னறுவைக்குப் போனார். பிறகு அனுராதபுரம். பிறகு காலி. ஒரு முழத் துணி விற்கவில்லை. கச்சி முகம்மதுவுக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, அந்த அஞ்சையும் குடுத்து முடிச்சா என்ன?"

"முடிச்சா, பிறகு பின்னால ஆருடா?"

பன்னிரண்டு வருசம் கழித்து அவருடைய மய்யித்தைக் குளிப்பாட்டினவர்கள், இடக்கைச் சின்னவிரலை நிமிர்த்தப் பார்த்தார்கள். முடியவில்லை. மற்ற விரல்களெல்லாம் இளகி இருக்க, அது மட்டும் யாரோ பிடித்திருக்கிற மாதிரி... ஓடிக்கொலோன் மணத்தோடு.

அவருடைய கணக்குப் புத்தகம் இப்போது கச்சி முகம்மதுவிடம் இருக்கிறது. கடைசிப் பக்கம், அவர் கையெழுத்து:

கழித்தது இருபது. கொடுத்தது பதினைந்து. பாக்கி ஐந்து.