குஞ்சுப் பொடி

கோழியும் தும்மும் என்பது டவுனில் பலருக்குத் தெரியாது, சார். நாமக்கல் பக்கம் பண்ணை வைத்திருப்பவன் காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் பேசாமல் நின்று அதைத்தான் கேட்பான். தும்முகிற குஞ்சைப் பிடித்துக் கழுத்தைத் திருகிக் குழியில் போட்டுவிட்டு, மற்றவற்றுக்கு எதிர்ப்புச் சக்திப் பொடியைத் தண்ணீரில் கலந்து வைப்போம். சளி ஒட்டுவாரொட்டி. பாவம் பார்த்தால் ஷெட்டே காலியாகிவிடும்.

என் மகன் தனுஷுக்கு மூன்று வயது. நர்சரியில் சேர்த்ததிலிருந்து அவனுக்கு மூக்கு ஒழுகாத வாரமில்லை. படுத்தால் இருமல். டாக்டரோ, "சின்னப் பசங்க கூடற எடத்துல இது வரத்தானுங்க செய்யும். தானாப் போயிரும், சத்து மருந்தெல்லாம் வேண்டாமுங்க" என்றார். அவருக்கென்ன, நோகாமல் சொல்லிவிட்டார். இருமியது என் பிள்ளை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. பண்ணைப் பொடியைப் பாலில் கலந்து கொடுத்தேன். முதலில் டப்பா மூடியில் பாதி. இருமல் நிற்கவில்லை என்றதும் முழு மூடி. மனைவி உஷாராணிக்குச் சொல்லவில்லை, வீணாகப் பயப்படுவாள். நர்சரிக்கும் அந்தப் பாலையே பாட்டிலில் ஊற்றி அனுப்பினேன்.

அங்கே டீச்சர் தனப்பிரியா. நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். ஒருநாள் பையனைக் கூட்டிவரப் போனபோது என்னிடம், "அண்ணா, இந்தப் பாலைக் குடிச்சாலே வாந்தி எடுக்கறானுங்க. கண்ணு வேற மஞ்சளா இருக்குதுங்க. அதான் கீழ கொட்டிப்போட்டனுங்க" என்றாள்.

கொட்டிவிட்டாளாம். பெற்றவன் வயிறு எப்படி எரியும், நீங்களே சொல்லுங்கள். விட்டுப்போனதைச் சரிக்கட்ட வீட்டில் இரண்டு வேளையாக்கினேன். மழை பிடித்த வாரம் தனுஷ் போய்விட்டான். ஈரல் கெட்டுப்போயிருக்கிறது, என்ன கொடுத்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். பால்தான் என்றேன். சளி முற்றினால் எங்கே வேண்டுமானாலும் இறங்கும், சார். மருந்து நடுவில் விட்டுப்போனால் நோய் இரண்டு பங்காகத் திரும்பும். பண்ணையில் கூட்டுகிறவளுக்குக்கூட இது தெரியும்.

காரியம் முடிந்த மறுநாள் சாயங்காலம் நர்சரிக்குப் போனேன். பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போயிருந்தார்கள். தனப்பிரியா குட்டி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதாள்.

"அண்ணா, அந்தப் பால்ல என்னதானுங்க கலந்தீங்க?"

கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பி இருமினாள். அவளுக்கும் சளி பிடித்திருந்தது. இத்தனை குஞ்சுகள் நடுவில் நாள் முழுக்க இருக்கிறவள். நான் கதவைச் சாத்தினேன்.

கோழியைவிட நேரம் பிடித்தது. என் கையை நகத்தால் கிழித்தாள், ஒரு நாற்காலியை உதைத்து உடைத்தாள். முழங்காலை மார்பில் ஊன்றித் திருகிய பிறகுதான் எனக்குப் பழகிய அந்தச் சத்தம் கேட்டது. வாயோரம் வழிந்த ரத்தத்தைத் துடைத்தேன். தரையைக் கழுவி, மிச்ச நாற்காலிகளை நானே அடுக்கிவைத்தேன். காலையில் பிள்ளைகள் வருவார்கள் அல்லவா.

கொன்றது நான்தான், மறுக்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள், சார். என் சின்ன மகள் பிரீத்திக்கு நேற்றிலிருந்து தும்மல். உஷாராணிக்குப் போன் போட்டு, சமையலறை மேல்தட்டில் நீல டப்பா இருக்கிறது என்று சொல்லுங்கள். காலையில் ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி, பாலில். இந்தத் தடவையாவது யாரும் நடுவில் நிறுத்திவிடக் கூடாது.