அணைக்கக் கூடாத இருபது நிமிடம்

"ஹலோ… ஹலோ! யாரு?… கொஞ்சம் சத்தமா… நோரீனா? இரு, இரு, வாசலுக்கு வந்துடறேன். இங்க ஒரு எழவும் கேக்க மாட்டேங்குது…"

அண்ணன் மனைவியின் குரலைப் பிடிக்க, டுவேன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஷெட் வாசலுக்கு வந்தான். வந்தும் பெரிய லாபமில்லை. அவனும் அண்ணன் லாயிடும் முப்பது வருஷத்துக்கு முன் பங்கு போட்டு வாங்கிய அறுபத்தொன்பதாம் வருஷத்து செவெல் கார், பானெட்டில் ஒரு பெரிய ஓட்டையோடு உள்ளே நின்று கத்திக்கொண்டிருந்தது. ஃபிளின்ட் நகரத்தில் அந்தத் தெருவில் குடியிருந்த அத்தனை பேரும் அவனை வைதிருப்பார்கள்.

"சொல்லு நோரீன்… ஆமா, ஆமா, அதேதான்! சூப்பர்சார்ஜர்தான். மாட்டியாச்சு. இப்பதான் முதல் தடவையா ஸ்டார்ட் பண்ணேன். ஒரே திருகு, பிடிச்சுக்கிச்சு… காத்தை அமுக்கி அமுக்கி உள்ள தள்ளுது பாரு, அந்த ஊளைதான் உனக்குக் கேக்குது… லாயிட்கிட்ட சொல்லு. 'பானெட்ல ரம்பம் வெச்சே, உன் கையை வெட்டுவேன்'னு மிரட்டிக்கிட்டே இருந்தானே, அவன்கிட்ட சொல்லு, ஒரு பிசிறு இல்லாம வெட்டியிருக்கேன்னு… நாலு மணிக்கு அங்க இருப்பேன். அவன் ஜன்னலுக்குக் கீழ நிறுத்தி ஒரு மிதி மிதிக்கிறேன், ஆஸ்பத்திரிக் கண்ணாடியெல்லாம் ஆடணும்… என்ன?… இப்பவா?… இப்பவேன்னா?…"

"டாக்டர் எப்போ வந்தாரு?… ம்… ம்… எவ்வளவு நேரம்னு ஏதாவது… ஒரு மணி நேரம்கூடவா?… சரி… இல்ல, கேக்குது, கேக்குது… வரேன். பத்து நிமிஷத்துல கிளம்பிடறேன்… இல்ல நோரீன், அணைக்க முடியாது. இஞ்சின் உள்ள கேம் ஷாஃப்ட், வால்வைத் திறந்து மூடற தண்டு, புதுசு, இந்தச் சார்ஜருக்காகவே போட்டது. முதல் ஓட்டம் இருபது நிமிஷம், நிக்காம, வேகம் குறையாம ஓடியே ஆகணும். நடுவுல அணைச்சா தேஞ்சு போயிடும், உள்ள பூரா இரும்புத் தூளு. அப்புறம் முழுசாப் பிரிக்கணும். எதைக் கொண்டுக்கிட்டு வருவேன் அங்க?… ஆமா, கார்தான். வெறும் கார்தான்னு எனக்கும் தெரியுது…"

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அண்ணன் சாகப் போகிறான் என்று மனதுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். வேறு யாருடைய அண்ணனோ போலிருந்தது. பெஞ்சின் மேல் கேக் வேகவைக்க வாங்கிய மணிக் கடிகாரம் இருந்தது. அதில் இன்னும் பத்து நிமிடம் பாக்கி.

"கத்தாத… இல்ல, கத்து, பரவாயில்ல… அஞ்சு வாரமா வரலை. ஆமா… ஆமா… எண்ணத் தெரியும் எனக்கும்… அவன்தானே மாட்டச் சொன்னான்! ஜூன் மாசம் போன் பண்ணி, 'சரிடா, மாட்டித் தொலை'ன்னான். முப்பது வருஷம் கழிச்சு அவன் வாயால சரின்னு வந்துடுச்சு, நான் லீவு போட்டுட்டு உக்காந்துட்டேன். வேற எதுக்காக இதெல்லாம்?… என்ன?… திரும்பச் சொல்லு… சார்ஜருக்காகச் சொல்லலையா?… பின்ன எதுக்கு?…"

"…என்னை அங்க வரவைக்கவா சரின்னு சொன்னான்?…"

"…சாவியா?… ஆமா, கார் சாவி அவன்கிட்டதான் இருந்துச்சு… தலையணைக்குக் கீழயா?… இத்தனை நாளுமா?… சாவி இல்லாம எப்படி ஸ்டார்ட் பண்ணுவான், அதைக் கேக்கவாவது வருவான்னு… ம்… ம்… இல்ல, நோரீன். எங்கிட்ட இன்னொண்ணு இருந்துச்சு. தொண்ணூத்தெட்டுலயே அவனுக்குத் தெரியாம ஒண்ணு வெட்டி வெச்சுக்கிட்டேன்… ஆமா. அதாலதான் ஸ்டார்ட் பண்ணேன்… தெரியாது. அவனுக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது."

அவன் திரும்பிப் பார்த்தான். அந்தத் திருட்டுச் சாவி டாஷ்போர்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பி அணைத்துவிட்டு, பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு ஓட ஒரு நொடி போதும். டுவேன் அந்த நொடியை நின்றே கழித்தான்.

"அழாத… நீ எங்க நிக்கற, வராந்தாலயா?… அங்க நின்னுக்கிட்டா என்கிட்ட சண்டை போட்டுக்கிட்டிருக்கே? உள்ள போ. போய் போனை அவன் காதுல வை… பேச முடியலைன்னா என்ன, காது கேக்கும்னு நர்ஸ் சொன்னாங்கல்ல… நான் இஞ்சின் பக்கத்துல கொண்டுபோறேன். கேக்கட்டும் அவன்… போயிட்டியா?… வெச்சிட்டியா?… லாயிட். நான்தான். உன் சாவியை நீயே வெச்சுக்கோ. இதைக் கேளு."

உள்ளே போய் போனைச் சூப்பர்சார்ஜருக்கு மேலே ஒரு கையால் பிடித்தான். மறு கையால் இஞ்சின் மேலிருந்த ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்தான். ஊளை மேலே ஏறியது, தகரக் கூரை அதிர்ந்தது. விட்டு, மறுபடி இழுத்தான். லாயிட் என்ன சொல்வான் என்று அவனுக்குத் தெரியும்: சனியன் பிடித்த சத்தம் என்பான், கார்புரேட்டரைச் சரியாகத் திருகவில்லை என்பான். அதைக் கேட்க வேண்டும் போலிருந்தது. கை கடுக்கும்வரை பிடித்துவிட்டு வாசலுக்கு வந்தான்.

"ஹலோ… கேட்டானா?… கண்ணை ஏதாவது அசைச்சானா?… என்ன?… ம்… எப்போ?… இல்ல, எப்போன்னு கேக்கறேன். நான் இஞ்சின்கிட்ட போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?…"

"…நீ உள்ள போனப்பவேயா?… காதுல வைக்கும்போதே மூச்சு இல்லையா?… அப்ப நீ வராந்தால நின்னு என்கூட… சரி… சரி… உன் தப்பில்ல. ஆமா… ஆமா…"

"…ஆமா, இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு… அணைக்கல… வம்புக்கு இல்ல நோரீன். இப்ப அணைச்சா கேம் ஷாஃப்ட் போயிடும். இன்னும் நாலு நிமிஷம் இருக்கு… ஹலோ?… நோரீன்?…"

அவள் வைத்துவிட்டாள். டுவேன் போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். அழுகை வருமா என்று பார்த்தான். பிறகு குனிந்து, சூப்பர்சார்ஜர் பெல்ட் நேராக ஓடுகிறதா என்று பார்த்தான். நேராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.