எதிர்த்த கடை காலியாகுது

— யாரைக் கேட்டு கடையை வித்தீங்க?

— யாரைக் கேக்கணும் டீச்சர்? எங்க கடை. என் மாமனார் கட்டினது. பத்திரத்துல உங்க பேர் எங்கயும் இல்லையே.

— கிண்டலா? ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து சாப்பிடறேன். பி.டி. மாஸ்டர் சொல்றார், ‘உங்க வீட்டுக்கு எதிர்த்தாப்ல கண்ணாடிக் கடையைக் காலி பண்றாங்களாமே, இனிமே உங்களுக்கு நிம்மதிதான்’னு. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தது திறந்தபடி விட்டுட்டு வர்றேன். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல.

— இப்ப தெரிஞ்சிடுச்சில்ல? போய்ச் சாப்பிடுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அந்தக் கண்ணாடி ஷீட்டுக்கு இன்னும் ஓரம் தேய்க்கல. கை பட்டா கிழிச்சிடும்.

— உன் புருஷன் எங்க?

— முதல் லோடு ஏத்திக்கிட்டுப் போயிருக்கார். வர சாயங்காலமாகும்.

— எந்த ஊருக்கு?

— அதை எதுக்கு உங்களுக்குச் சொல்லணும்? அங்கயும் எங்களுக்கு எதிர்வீடு பாத்துக் குடி வர்றதுக்கா?

— வாயை அடக்கு. என் தம்பியைக் கொன்னவன் பொண்டாட்டி நீ. அது ஞாபகம் இருக்கட்டும்.

— மறக்க விட்டாத்தானே? காலையில ஷட்டரைத் தூக்கினா மாடி ஜன்னல்ல நீங்க. சாயங்காலம் இறக்கினா அதே ஜன்னல்ல நீங்க. மழையா இருந்தாலும் சரி, காய்ச்சலா இருந்தாலும் சரி. எங்க கடைக்கு வாட்ச்மேன் வச்சிருந்தாக்கூட அப்படி நின்னிருக்க மாட்டான்.

— என் வீடு. என் ஜன்னல். நிப்பேன்.

— நில்லுங்க. நல்லா நில்லுங்க. கடையை வாங்கினவர் செருப்புக் கடை வைக்கப் போறாராம். இனிமே செருப்பைப் பாத்து முறைங்க.

— குடிச்சிட்டு வண்டி எடுத்தான் உன் புருஷன். வேண்டாம்டா, நான் ஓட்டறேன்னு என் தம்பி சொல்லச் சொல்லக் கேக்காம எடுத்தான். பாலத்துத் திருப்பத்துல கவுத்தான். பக்கத்துல உக்காந்திருந்தவன் செத்துப் போனான், ஸ்டீரிங் பிடிச்சவனுக்கு நெத்தியில தையல். கொஞ்ச நாள் ஜெயில்ல இருந்தான். வெளிய வந்த மறுநாளே இதோ இந்த மேஜையில கண்ணாடி வெட்டிக்கிட்டு நின்னான். நான் அந்த ஜன்னல்லேர்ந்து பாத்தேன்.

— வேற என்ன பண்ணுவார்? அவருக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான்.

— இப்ப ஓடறான்.

— ஓடல. போறோம்.

— ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? சொல்லு. தலையை நிமித்தி என்னைப் பாத்துச் சொல்லு.

— இங்க பாடம் நடத்தாதீங்க டீச்சர். கட்டற வேலை கிடக்கு. ரெண்டு ஷீட்டுக்கு நடுவுல பேப்பர் வைக்கணும், இல்லன்னா போய்ச் சேர்றதுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு உரசிக் கீறல் விழும்.

— அங்க யாருக்கு என்ன தெரியும்? நெத்தியில என்ன தழும்புன்னு கேட்டா, சின்ன வயசுல விழுந்தேன்பான். நல்ல மனுஷன், இருக்கிற இடம் தெரியாது, யார் வம்புதும்புக்கும் போகமாட்டார்னு ஒரே வருஷத்துல பேர் வாங்கிடுவான். இங்க அவன் யாருன்னு பள்ளிக்கூடத்துப் பொடிசுக்குக்கூடத் தெரியும். கோர்ட்டு குடுத்ததெல்லாம் ஒரு தண்டனையா? இந்த ஊர்தான் அவனுக்குத் தண்டனை. அதுலேர்ந்து அவன் நழுவிப் போக நான் விடமாட்டேன்.

— சரி. அவருக்கு இந்த ஊர் தண்டனை. எனக்கு?

— உனக்கு என்ன?

— நான் குடிச்சேனா? நான் வண்டி ஓட்டினேனா? இது எனக்கும் சொந்த ஊர்டி!

— டியா?

— ஆமா, டிதான்! டீச்சர் டீச்சர்னு கூப்பிட்டு நாக்கு தேஞ்சு போச்சு. ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து ஒரே பெஞ்சுல உக்காந்தவ நான். உனக்குப் பென்சில் சீவத் தெரியாது, நான்தான் சீவிக் குடுப்பேன். எனக்குக் குருவின்னு பேர் வச்சவளே நீதான். இன்னைக்கு வரைக்கும் ஊர்ல பாதிப் பேருக்கு என் நிஜப் பேரு தெரியாது.

— பழைய கதையெல்லாம் எடுக்காத.

— எடுப்பேன். இங்க பொறந்து, இங்க வளந்து, உள்ளூர்லயே கட்டிக்கிட்டேன். கல்யாணமான நாலாவது நாள் ரொட்டிக் கடைக்குப் போனா, ‘என்ன குருவி, கூடு மாறிட்டியா’ன்னு அத்தனை பேரும் கேலி பண்ணினாங்க. இப்ப அதே வரிசையில நான் போய் நின்னா, எனக்கு முன்னாடி ஒரு ஆள் இடம் காலி, பின்னாடி ஒரு ஆள் இடம் காலி. நீ வந்தா மட்டும், ‘டீச்சர், நீங்க முன்னாடி வாங்க’. என் அண்ணன் வீடு ரெண்டு தெரு தள்ளி. அவன் பொண்ணு கல்யாணத்துக்கு, ‘நீ மட்டும் வா, மாப்பிள்ளை வேண்டாம், டீச்சர் வருவாங்க’ன்னு போன்ல சொல்றான். கூடப் பொறந்தவன்! நேர்ல வந்து சொல்லக்கூட வெக்கம்.

— நான் யாரையும் அப்படிச் சொல்லச் சொல்லல.

— நீ சொல்லவே வேண்டாம். நீ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே ஊருக்குப் புரிஞ்சிடும். உங்க ஸ்கூல்ல ஜன்னல் கண்ணாடி உடைஞ்சப்போ அடுத்த ஊர்லேர்ந்து வரவழைச்சாங்களே, எதுக்கு? உன் முகம் சுண்டிடும்னு. உன் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு இன்னும் அட்டைதானே?

— அட்டைதான். நான் சாகிற வரைக்கும் அட்டைதான். உன் கடைக் கண்ணாடி வழியா வர்ற வெளிச்சம் எனக்கு வேண்டாம்.

— பாவம், உங்கம்மாதான் பகல்லயும் லைட்டைப் போட்டுக்கிட்டு அடுப்படியில நிக்கிறாங்க.

— எங்கம்மாவைப் பத்திப் பேசாத.

— சரி, பேசல.

— ஊரே என் பக்கம்னு பொறாமைப்படறியே, ஊர் என் பக்கம் இருந்தா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? நான் உள்ள வந்தா ஸ்டாஃப் ரூம்ல சிரிப்பு நின்னுடும். தப்பாத் தைச்ச துணியைத் திருப்பிக் குடுத்துச் சண்டை போட்டா, ‘பாவம் டீச்சர்’னு காசைத் திருப்பிக் குடுத்துடறாங்க. சண்டை போடக்கூட யாரும் கிடையாது எனக்கு! போன வருஷம் ஏதோ ஒரு பையன் சொன்ன பதிலைக் கேட்டு நான் சத்தமாச் சிரிச்சுட்டேன். கிளாஸ் மொத்தமும் பயந்துபோய்ப் பாக்குது. வெளியூருக்குப் போகணும்னா அந்தப் பாலத்துமேலதான் பஸ் போகும். கண்ணை மூடிக்குவேன். கண்டக்டர்கூட அந்த இடம் தாண்டற வரைக்கும் டிக்கெட் கேக்கமாட்டார்.

— அப்ப நீ போயிருக்கலாமே. இந்த ஊரை விட்டு.

— நான் ஏன் போகணும்? தப்புப் பண்ணினவன் இருக்கான், நான் போகணுமா? ரெண்டு தடவை மாத்தல் வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் வேலை. வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன். என்னைக் கட்டிக்கறேன்னு ஒருத்தர் இருந்தார்...

— தெரியும். பாங்க்காரர்.

— அதுவும் தெரியுமா?

— இந்த ஊர்ல எது தெரியாது? அவர் மாத்தலாகிப் போற அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல உனக்காக ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு நின்னது வரைக்கும் தெரியும்.

— போகல. அவரையும் விட்டேன், வேலையையும் விட்டேன். உன் புருஷன் நிம்மதியா ஷட்டரைத் தூக்கக் கூடாது, தூக்கற ஒவ்வொரு நாளும் என் மூஞ்சியைப் பாக்கணும். அதுக்காகத்தான் நின்னேன். இப்ப அவன் பாட்டுக்கு மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டுப் போனா, நான் எதுக்குடி இத்தனை வருஷம் நின்னேன்?

— அதை என்கிட்ட கேட்டா?

— வேற யாரைக் கேக்கறது? சொல்லு!

— நாங்களா உன்னை நிக்கச் சொன்னோம்? ஒருத்தனை முறைக்கறதுக்காக ஒருத்தி வாழாம இருந்தா, அந்தக் கணக்கையும் எங்க தலையிலதான் எழுதுவியா? எனக்குப் போகணும்னு ஆசையா? என்னைக் கேட்டா இந்த மேஜையைப் பிடிச்சுக்கிட்டு இங்கயே கிடப்பேன். வரிசையில யாரும் பக்கத்துல நிக்கலன்னாலும் அது எங்க ஊர் ரொட்டிக் கடை. எங்கப்பா நடந்த ரோடு.

— அப்ப ஏன் போற?

— போகவேண்டியிருக்கு.

— ஏன்னு கேட்டேன்.

— விடு. நீ கிளம்பு, உங்க ஸ்கூல்ல மணி அடிச்சிடுவாங்க. சாயங்காலம் அவரை உன் வீட்டு வாசலுக்கே அனுப்பறேன். என்ன கேக்கணுமோ அவர்கிட்ட கேளு. அடிக்கணும்னா அடி.

— என் வீட்டு வாசலுக்கா? எங்கம்மா பாத்தா அந்த இடத்துலயே உசிர் போயிடும். இதெல்லாம் அவங்களுக்குத் தெரியவே கூடாது. மாத்திரை போட்டுக்கிட்டுத் தூங்கற நேரம் இது, அதனால நீ தப்பிச்சே. முழிச்சிருந்தா என் பின்னாடியே வந்து, நீங்க போற இடம் விளங்காதுன்னு சாபம் குடுத்திருப்பாங்க.

— மெதுவாப் பேசு.

— ஏன்? அக்கம்பக்கம் கேக்கும்னா? கேக்கட்டும்! அவன் எங்கயும் போகக் கூடாது. இந்தக் கடையிலயே அவன் கிழவனாகணும். அதை நான் பாக்கணும்.

— பாத்து? இத்தனை வருஷம் பாத்தியே, என்ன ஆச்சு? உன் தம்பி ஒரு அடி உன் கிட்ட வந்தானா?

— உன் வாயால அவனைப் பத்திப் பேசாத!

— ஏன் பேசக் கூடாது? இதே மேஜைமேல ஏறி உக்காந்து என் கையால டீ குடிக்காத நாள் உண்டா அவன்? தெருமுனை திரும்பும்போதே விசில் சத்தம் கேக்கும், நான் அடுப்புல தண்ணி வச்சிடுவேன். ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டாலும், ‘குருவியக்கா, இது டீயா கஷாயமா’ன்னு—

— நிறுத்து!

— அவனுக்காக நான் அழக்கூட இந்த ஊர் விடல! எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அழறான்னு கேட்டாங்க!

— நிறுத்துன்னு சொல்றேன்ல! எங்க வீட்டுலயே அவனைப் பத்தி யாரும் பேசறதில்ல. நீ யாரு பேசறதுக்கு?

— ஏய், அந்தக் கண்ணாடியை இழுக்காத! ஸ்டாண்டோட சரியும்! கையை எடு... ஐயோ! உடைஞ்சு போச்சே! அசையாத. நின்ன இடத்துலயே நில்லு. காலைச் சுத்திச் சில்லு. கையைக் காட்டு.

— விடு என்னை.

— காட்டுடின்னா! நல்லவேளை, ஆழமா இறங்கல. இந்தத் துணியை இறுக்கிப் பிடி. கையை மேல தூக்கு. அந்தப் பெட்டிமேல உக்காரு.

— வேணும்னுதான் இழுத்தேன்.

— தெரியுது. ஆள் உயரக் கண்ணாடி, டெய்லர் கடைக்கு வெட்டினது. போகட்டும், லோடு குறைஞ்சுது.

— சிரிக்காத.

— சிரிக்கல. அழறதுக்கு முன்னாடி என் மூஞ்சி இப்படித்தான் கோணும். ஒரே பெஞ்சுல உக்காந்தவளுக்கு அது தெரிய வேண்டாமா?

— குருவி! என்ன உடைஞ்சுது? யாருக்குக் கையில அடி?

— ஒண்ணுமில்லம்மா! நீங்க உள் ரூம்லயே இருங்க, வெளிய வராதீங்க. தரையெல்லாம் சில்லு.

— யாரு உள்ள? நீ யாரை அம்மாங்கிற? உங்கம்மா போய்ச் சேந்து எத்தனையோ வருஷமாச்சே. அந்தக் குரல்... நகரு. வழியை விடு.

— வேண்டாம், போகாத, சொன்னாக் கேளு—

— அம்மா?

— ஆமாடி. நான்தான். கத்தாத. முதல்ல கையை மேல தூக்கிப் பிடி.

— நீ வீட்டுலதானே தூங்கிக்கிட்டு இருக்கே?

— நீ ஸ்கூலுக்குப் போனதும் இங்க வந்துடுவேன். நீ வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுவேன்.

— தினமுமா? இந்த வீட்டுக்கா? எத்தனை நாளா நடக்குது இது?

— அவன் ஜெயில்லேர்ந்து வந்த வருஷத்துலேர்ந்து.

— ஊர்ல யாருக்காவது தெரியுமா?

— எல்லாருக்கும் தெரியும். ரொட்டிக் கடைக்காரர்தான் கையைப் பிடிச்சு ரோட்டைத் தாண்டி விடறார். உங்க பி.டி. மாஸ்டர் ஒருநாள் எனக்குக் குடை பிடிச்சுக்கிட்டு வந்தார். நீ தாங்கமாட்டேன்னு யாரும் உன்கிட்ட மூச்சு விடல.

— உன் பிள்ளையைக் கொன்னவன் வீட்டுல உக்காந்து என்னம்மா பண்றே? இவ போடற டீயைக் குடிக்கிறியா?

— குடிக்கிறேன். நான் சொல்றதைக் கேளு. அவன் படத்தை நீ சுவத்துலேர்ந்து கழட்டி பீரோவுல வச்சுப் பூட்டினே. பேரை எடுத்தா பாதிச் சாப்பாட்டுல எழுந்து போனே. ஒருநாள் பீரோவைத் திறந்து பாத்தா படத்துக் கண்ணாடியில விரிசல். மாத்தணும்னு தூக்கிக்கிட்டு வந்தேன். ஊர்ல இருக்கறது இந்த ஒரு கடைதானே?

— இவன்கிட்டயா?

— திட்டத்தான் வாசப்படி ஏறினேன். திட்டினேன். நீ இன்னைக்குத் திட்டினது ஒரு திட்டா? இவளைக் கேட்டுப் பாரு. அவன் நிமிந்து பாக்கல. கண்ணாடியை வெட்டி மாத்தினான். மாத்திட்டு, ரெண்டு பேரும் சின்னதுல பஸ் டயர்ல உருண்டுகிட்டே ஆத்துல விழுந்த கதையைச் சொன்னான். எனக்குத் தெரியாத கதை. செத்துப்போன பிள்ளையைப் பத்திப் புதுசா ஒண்ணு கிடைச்சா எப்படி இருக்கும் தெரியுமா? மறுநாளும் வந்தேன்.

— மன்னிச்சிட்டியா அவனை?

— இல்ல. இன்னைக்கும் அந்தத் தழும்பைப் பாத்தா எனக்கு வயிறு எரியும். எரியட்டும். ஆனா இந்த ஊர்ல என் பிள்ளை பேரை வாய்விட்டுச் சொல்லிக் கேக்கற இடம் இது ஒண்ணுதான்.

— அப்ப ஏம்மா இவங்க போறாங்க? உனக்கு இருக்கறதே இது ஒண்ணுதான்னா, நீ ஏன் தடுக்கல?

— அம்மா, வேண்டாம், சொல்லாதீங்க. நாங்களாப் போறோம்னே இருந்துட்டுப் போகட்டும்.

— இல்ல குருவி, அவளுக்குத் தெரியணும். நான்தான்டி இவங்களைப் போகச் சொன்னேன், நீ அந்த ஜன்னலை விட்டு நகரணும்னு. செத்தவனுக்கு அம்மாவா இருந்தது போதும், இருக்கிறவளுக்கும் கொஞ்ச நாள் இருந்து பாக்கலாம்னு.