சோத்தம்மா வயிற்றில் கொஞ்சூண்டு வைரஸ்

என் பெயரும் முகவரியும் மேலே பதியப்பட்டுள்ளன. வயது நாற்பத்தாறு. பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை செய்கிறேன். அங்கே என் பெயரை யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் நான் சோத்தம்மா.

சென்ற செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் குழந்தைகள் பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதன் பிறகு சுகாதார ஆய்வாளர் வந்து மிச்சமிருந்த சாப்பாட்டையும் என் மலத்தையும் பரிசோதனைக்கு வாங்கிச் சென்றார். அதன் பிறகு, குழந்தைகளிடம் இருந்த ஒரு வைரஸ் என்னிடமும் இருப்பதாக அறிக்கை வந்தபடியால், ஒரு சிறுமியின் தகப்பனார் என் மீது போலீசில் புகார் கொடுத்தார். தெருவில் வைத்து, "பிள்ளைங்களுக்கு விஷம் வச்சவ இவதான்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் சமைத்ததை முதலில் சாப்பிடுகிறவள் நான், எனக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லை. இதைச் சொன்னபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதன் பிறகு மருத்துவமனையின் ஆய்வக டாக்டரம்மா, வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்று சொல்லி எல்லாவற்றையும் மறுபடி சோதித்தார். அதில் என்னிடம் இருந்த வைரஸ் மிகச் சொற்பம் என்றும், குழந்தைகளிடமும் அது அதே அளவு சொற்பம் என்றும், நோயுற்ற குழந்தைகள் எல்லோரிடமும் வேறொரு வைரஸ் ஏராளமாக இருந்தது என்றும், அது என்னிடமோ சாப்பாட்டிலோ அறவே இல்லை என்றும் தெரியவந்தது. "கூட்டத்துல சும்மா நின்னவங்களையெல்லாம் திருடன்னு உள்ள வைப்பீங்களா சார்?" என்று டாக்டரம்மா ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரிடமே கேட்டார். அவர் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

அதன் பிறகு இன்று அந்தத் தகப்பனார் புகாரைத் திரும்பப் பெற மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். பிள்ளைக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவள் தகப்பனார் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, "நாளைக்கு என்ன சோறு?" என்று என்னைக் கேட்டாள். நான் தகப்பனாரைப் பார்த்தேன். "நீங்களே சொல்லுங்கம்மா. வேற யார் ஊட்டினாலும் வாயத் திறக்க மாட்டேங்கிறா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீ கேக்கறதுதான்டி சோறு" என்றேன்.

இது வழக்குக்குத் தேவையில்லை என்று ஸ்டேஷன் எழுத்தர் பேனாவை மூடினார். எழுதித்தான் ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றபடியால் எழுதினார். எல்லாம் நானே சொன்னது, உள்ளது உள்ளபடி. படித்துக்காட்டினார்கள், சரி.

(ஒப்பம்)