மூடி திறந்திருந்தால் ஓடாது

— அந்தப் பிழியற மெஷின் பக்கம் மட்டும் வேண்டாங் கண்ணு. நிட்டிங்கைக் காட்டியாச்சு, சாயம் போடறதைக் காட்டியாச்சு. போண்டா ஆறுது. புள்ளைங்களை அனுப்பிச்சுரலாம்.

— பிழியிறதைக் காட்டாம எப்படி மொதலாளி? இன்ஜினியர் வேலையை முழுசாக் காட்டணும்னு பள்ளிக்கூடத்துல கேட்டிருக்காக.

— அதுக்கில்லை முனீசு. உன்ற பொண்டாட்டி செத்த எடம். அங்க நின்னுட்டு நீ எப்படிப் பேசுவே? எனக்கே அக்கட்டால போனா நெஞ்சை அடைக்குது.

— எனக்கு ஒண்ணும் அடைக்கலை.

— செல்வி போயி இன்னும் வருசம் திரும்பலை. நீ இங்கயே வேலைக்கு வந்தது எனக்கு நெம்ப ஆறுதலப்பா. நாலு பேரு நாலு விதமாப் பேசறப்ப, புருசனே வந்து நிக்கறான் பாருன்னு தைரியமாச் சொன்னேன்.

— அதுக்குத்தான கூப்பிட்டீங்க.

— என்னப்பா இப்படி வெடுக்குனு?

— செல்வியோட அம்மா போன் போடுறப்பல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாக. “என் மக இன்ஜினியருக்குப் படிச்சவ. ஓடுற மெஷினுக்குள்ள கையை விடுற அளவுக்கு மண்டா?” நான் என்னன்னு சொல்ல?

— கவனக்குறைவுன்னு இன்ஸ்பெக்டரே சொல்லிட்டாரு. நானாச் சொன்னேன்?

— அவரு மெஷினைத் தொட்டே பாக்கலை. உங்ககிட்டத்தான் கேட்டுட்டுப் போனாரு.

— ஏனுங் முனீஸ் அண்ணா, எல்லாரும் இங்க வரலாமுங்களா? ஷாஹிதா டீச்சர் கேட்டுட்டு வரச் சொன்னாங்க.

— வா பாப்பா. எல்லாரையும் வரச் சொல்லு.

— அபி, போண்டா தின்னுட்டுக் கெளம்பலாம் சாமி.

— அப்பா, இன்ஜினியரிங் படி, கம்பெனியைப் பாருன்னு தெனமும் உசிரை வாங்கறது நீங்கதானுங்க. பார்க்க வந்தா போண்டாங்கறீங்க!

— சிரிச்சது போதும், வட்டமா நில்லுங்க. டீச்சர், நீங்க முன்னாடி வாங்க, உங்களுக்கு நல்லாக் கேக்கணும். இன்ஜினியரிங் சேரப் போறவங்க கையைத் தூக்குங்க. அம்புட்டுப் பேருமா? எல்லாருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தானா?

— எனக்கு இல்லீங்கண்ணா. பொம்பளைப் புள்ளைங்க மெக்கானிக்கல் எடுக்கலாமுங்களா? எங்கப்பா டெக்ஸ்டைல் எடுங்கறாங்க.

— எதை வேணா எடுக்கலாம். முதல் வருசம் எல்லாருக்கும் ஒர்க்‌ஷாப் உண்டு. அரத்தை வெச்சு இரும்பை ராவணும். என் கூட டெக்ஸ்டைல் படிச்ச ஒருத்தி, மெக்கானிக்கல் படிச்ச என்னைவிட நேரா ராவுவா. கோணலா ராவுனா தலையில கொட்டுவா.

— அந்தக்கா இப்ப எங்க வேலை பாக்கறாங்க?

— இங்கதான் பாத்தா.

— முனீசு, சீக்கிரம் முடி. வெயில் ஏறுது.

— முடிக்கிறேன். அபிராமி, இன்ஜினியர்னா யாரு?

— மெஷினை ஓட்டறவங்கதானுங்களே?

— ஓட்டுறதுக்கு ஆபரேட்டர் இருக்காரு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, அதான் காணோம். ஒரு மெஷின் எப்ப ஓடக் கூடாதுன்னு யோசிக்கிறவன்தான் இன்ஜினியர். இதைப் பாருங்க. உள்ள இரும்புக் கூடை. ஈரத்துணியைப் போட்டா சுத்துற வேகத்துல தண்ணியெல்லாம் வெளிய தெறிச்சிரும். மனுசன் கை மாட்டினா தோளோட போயிரும். அதனால மூடியில ஒரு சுவிட்ச் வெச்சிருக்கு. மூடி திறந்திருந்தா, பச்சைப் பட்டனை அமுக்கினாலும் ஓடாது.

— எங்க ஊட்டு வாஷிங் மெஷினும் அப்படித்தானுங்கண்ணா. மூடியைத் தூக்கினா நின்னுரும்.

— அதேதான். ஆனா ஒவ்வொரு தடவையும் மூடு, திற, காத்திருன்னா நேரம் போகுதுல்ல? அதுக்காக சில கம்பெனியில அந்தச் சுவிட்சுக்குப் போற ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கிக் கட்டிருவாக. மூடி மூடித்தான் இருக்குன்னு மெஷின் நெனைச்சுக்கும்.

— டீச்சரம்மா, இவன் மத்த கம்பெனியைச் சொல்றானுங்க. நம்முளதுல அதெல்லாம் கெடையாது.

— அப்ப காட்டிருவோம் மொதலாளி. அபிராமி, முன்னாடி வா. மூடியைத் தூக்கு. கையை உள்ள வெய்யி. முழங்கை வரைக்கும்.

— இப்படிங்களா? ஜில்லுனு இருக்குதுங்கண்ணா.

— டேய், என்ன பண்றே? வேற ஆரையாச்சும் கூப்புடு.

— வேற வீட்டுப் பிள்ளைன்னா பரவாயில்லையா?

— நான் அப்படிச் சொல்லலை. கை எதுக்குங்கறேன். ஒரு குச்சியை வெச்சுக் காட்டு.

— செல்வி குச்சியை வெக்கலை. பட்டன் உங்க பக்கத்துல இருக்கு. அமுக்குங்க.

— கரண்டை நிறுத்தியிருக்கறயா?

— விளக்கு எரியுது பாருங்க. கரண்ட் இருக்கு.

— அபி, கையை எடு கண்ணு.

— அட ஏனுங்கப்பா? மூடி திறந்திருந்தா ஓடாதுன்னு அண்ணன் இப்பத்தானே சொன்னாங்க.

— எடுன்னா எடு!

— “சென்னியப்பன் டையிங்ல எல்லாச் சுவிட்சும் சரியா இருக்குது, அந்தப் பொண்ணுதான் ஓடறதுல கையை உட்டுருச்சு.” இன்ஸ்பெக்டர்கிட்ட நீங்க சொன்னது. சரியா இருக்கிற மெஷினை அமுக்க என்ன பயம்?

— உன்னைய வேலைக்கு வெச்சது என்ற தப்புடா. இப்பவே வெளிய போ.

— போறேன். அமுக்குங்க, போறேன்.

— அப்பா, சும்மா அமுத்துங்கப்பா. ஓடாதுங்க.

— ஓடும் சாமி! மூடி திறந்திருந்தாலும் ஓடும்! ஒயரை முறுக்கிக் கட்டித்தான் வெச்சிருக்குது. உனக்குக் கும்புடு போடறேன், கையை எடு!

— யாரு கட்டச் சொன்னது?

— நாந்தான்.

— செல்வி கை உள்ள இருந்தப்ப?

— அப்பவும் கட்டித்தான் இருந்துச்சு. நின்ன மெஷினுதான். அந்தப் புள்ளை துணியில கலரு பார்க்கக் கையை வெச்சிருக்குது, இந்தப் பக்கம் இருந்தவன் தெரியாம அமுத்திட்டான். அவ மேல ஒரு தப்பும் இல்லை. போதுமா? போதுமாடா?

— டீச்சர், கேட்டுச்சா? செல்வியோட அம்மாகிட்ட நான் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றேம்பாக. நீங்க சொல்லணும்.

— கையை எடுத்துட்டேனுங்கப்பா, அழுவாதீங்க. ஏனுங்கண்ணா, இரும்பை ராவறதுல கெட்டிக்காரின்னு சொன்னீங்களே. அந்தக்காதானுங்களா?

— அவதான். என் சம்சாரம்.

— அப்ப, ஓடுமுன்னு தெரிஞ்சேதான் என்ற கையை உள்ள வெக்கச் சொன்னீங்களா?

— ஓடியிருக்காது பாப்பா. விடியக்காலையிலயே வந்து ஒயரைப் பிரிச்சுச் சுவிட்சைச் சரி பண்ணிட்டேன். உங்கப்பா அமுக்கியிருந்தாலும் ஓடியிருக்காது. நம்பலைன்னா நீயே அமுக்கு.

— அமுத்திட்டேன். ஆமாங்க. ஓடலை.

— சரி பண்ணிட்டியா? அடப்பாவி! சரி பண்ணிப் போட்டு, என்ற புள்ளை முன்னால, இத்தனை புள்ளைங்க முன்னால என்னை இப்படி நிக்க வெச்சுட்டியேடா!

— சரியா இருக்குன்னு எனக்குத் தெரியும். சரியா இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க பயப்படுறதை நான் பாக்கணும்னுதான் நிக்க வெச்சேன்.

— எப்பருந்துடா இதை மனசுல வெச்சிருந்தே?

— வேலைக்கு வந்த முதல் நாளே மூடியைத் தூக்கிப் பார்த்தேன். அவ செத்த பொறகும் நீங்க ஒயரைப் பிரிக்கலை. அன்னைக்கு வாயைத் திறந்திருந்தா, கமுக்கமாச் சரி பண்ணிட்டு என்னைப் பொய்யனாக்கியிருப்பீங்க. அதான் உங்க பிள்ளை இங்க வர்ற நாளுக்காகக் காத்துக் கெடந்தேன்.

— கம்முனு நின்னு சோறு தின்னுட்டிருந்தவன்னு நெனைச்சேன். இப்ப என்ன? போலீசுக்குப் போறியா?

— போவேன். இம்புட்டுச் சாட்சி இருக்கு. மத்தபடி எனக்கு இங்க ஒண்ணும் இல்லை. வந்த வேலை முடிஞ்சிருச்சு.

— அதென்ன சத்தம்? ஆரு மெஷினைப் போட்டது? அபி?

— நாந்தானுங்கப்பா. முனீஸ் அண்ணா, பக்கத்துல இருக்கற இன்னொரு பிழியற மெஷினையும் மூடியைத் திறந்து வெச்சுட்டு அமுத்திப் பார்த்தேன். இது ஓடுதுங்களே.