பிரிந்து போன நிலம்

ஹைதராபாத் அமீர்பேட்டில் மெட்ரோ ஏறிய தம்பதி என் அருகில் நின்றார்கள். கணவர் ஆஸ்திரேலியாவில் வேலை பார்ப்பவர், லீவில் வந்திருக்கிறார் என்பது பேச்சில் தெரிந்தது. அந்த நாட்டைப் பற்றி மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த நிலம் தனியா பிரிஞ்சு போச்சு. அதான் அங்க கங்காரு மாதிரி வயித்துல பை வச்ச மிருகங்களே பெருகிச்சு. அதுல ஓநாய் மாதிரிகூட ஒண்ணு இருந்துச்சு. ஆனா நம்ம ஓநாய்க்கு அது சொந்தமே இல்ல."

"பாக்க ஒரே மாதிரி, ஆனா சொந்தமில்லயா?"

"பல கோடி வருஷம் பிரிஞ்சிருந்தா அப்படித்தான்."

"அவ்வளவெல்லாம் வேணாங்க. நீங்க போயி நாலு வருஷந்தான் ஆகுது. நேத்து உங்க பொண்ணு, 'இந்த அங்கிள் எப்பப் போவாரு'ன்னு தெலுங்குல கேக்கறா."

அவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நீ என்ன சொன்ன?"

"ஞாயித்துக்கிழமன்னு சொன்னேன். நிம்மதியா தூங்கிட்டா."