பொம்மைக்குப் போட்ட நாற்காலி

வரதராஜன்: ஏந்திரு யோகா! புடவ மூட்ட மேல குந்திகினு... கேமராவுல தெரியுது.

யோகலட்சுமி: தெரியட்டும் சூப்பர்வைசர் சார். ஒம்போது மணிலேந்து நின்னுகினு கீறேன். கடையில ஒரு ஈ காக்கா இல்ல.

வரதராஜன்: ஆடிக் கிருத்திக கூட்டம் மலய வுட்டு எறங்கினா...

யோகலட்சுமி: எறங்கட்டும், ஏந்துக்கறேன். கடையில வேல செய்றவங்களுக்கு நாற்காலி போடணும்னு சட்டமே கீது சார்!

வரதராஜன்: மொதலாளி தான் ஆறு சேர் போட்டாரே!

யோகலட்சுமி: ஆங், போட்டாரு. அதுல யாரு குந்தினு கீறாங்க? பட்டுப்புடவ கட்ன பொம்மைங்க!

வரதராஜன்: ஆபீசர் வந்தா பொம்மயத் தூக்கிட்டு உங்கள குந்த வெப்போம்ல...

யோகலட்சுமி: அட கர்மமே! பொம்மைக்கா சார் காலு வலிக்குது?

வரதராஜன்: மெதுவா பேசு! ஏற்கெனவே லேபர் ஆபீசுக்கு யாரோ மொட்டக் கடுதாசி போட்டு, மொதலாளி குதிக்கறாரு. சாயங்காலத்துக்குள்ள பேரு வேணுமாம்.

யோகலட்சுமி: பேரு குடுத்தா?

வரதராஜன்: வூட்டுக்குத்தான்.

யோகலட்சுமி: புகார் குடுத்தா வேலய வுட்டு தூக்கலாமா? கேக்க ஆளில்லயா?

வரதராஜன்: அவரு எங்க தூக்கறாரு? சேரும்போது எல்லார்கிட்டயும் வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கி வெச்சிகிறாரே... நீயே ராஜினாமா பண்ணதா எழுதிக்குவாரு.

யோகலட்சுமி: சே! கையெழுத்து போட்ட கைய ஒடிக்கணும்.

வரதராஜன்: அதனால தான் சொல்றேன், வாய மூடினு இரு. யாரு கேட்டாலும் எனக்குத் தெரியாதுன்னு...

யோகலட்சுமி: கேட்டுட்டாரு சார்.

வரதராஜன்: யாரு?

யோகலட்சுமி: மொதலாளி. இப்பதான். கன்னியம்மாக்காவயும் என்னயும் மேல கூப்ட்டாரு. அக்கா தான் எழுதிச்சின்னு ஒரே புடியா புடிச்சாரு. அது காலு வீங்கினு கீதுல்ல...

வரதராஜன்: அய்யய்யோ! அது என்ன சொல்லிச்சி?

யோகலட்சுமி: அழுதுச்சி. புருசனும் இல்ல, இந்த வேலய வுட்டா அதுக்கு நாதியில்ல. எனக்கின்னா, அரக்கோணத்துக்கு டிரெயின் ஏறினா வேற கட கெடைக்கும்... நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டேன்.

வரதராஜன்: அடிப்பாவி! பைத்தியமா உனக்கு? நீ எழுதலயே!

யோகலட்சுமி: அக்கா எழுதி மாட்டிக்கிச்சேன்னு தான்...

வரதராஜன்: அதுவும் எழுதல!

யோகலட்சுமி: ...அது உங்களுக்கு எப்டி சார் தெரியும்?

வரதராஜன்: உன் பேப்பர எடுத்துட்டாரா?

யோகலட்சுமி: பீரோவத் தொறந்துனு இருந்தாரு. அத வுடுங்க, எப்டி தெரியும்?

வரதராஜன்: பதினெட்டு வருசமா நிக்கற காலும்மா இது... எழுதினதே நான்தான். நவுரு, அவரு தேதி போடறதுக்குள்ள மேல போவணும்.